எங்கட வீட்டில் இன்னொருவர்: உப வாடகையில் நம்பிக்கையும் பாதுகாப்பும்

கொழும்பில் குடியிருக்க இடம் தேடி அலைந்த எவரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்: "கடதாசி எல்லாம் எதுக்கு? எங்கட ஆள்தானே." தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் மருதானையிலும் தெமட்டகொடையிலும் எத்தனையோ அறைகள் இந்த ஒரே வசனத்தின் பேரில் கைமாறுகின்றன. மூன்று அறை வீட்டை ஒரு குடும்பம் வாடகைக்கு எடுக்கும். வாடகை ஏறும், கரண்ட் பில் ஏறும். ஓர் அறையை ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைக்கோ, புறக்கோட்டைக் கடையொன்றில் வேலைக்கு வந்தவருக்கோ, புதிதாகக் கலியாணம் முடித்த சோடிக்கோ கொடுப்பார்கள். அல்லது நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு அனெக்ஸ் எடுப்பார்கள். ஒருவர் கட்டாருக்குப் போவார், அவருடைய கட்டிலுக்கு இன்னொருவர் வருவார். இதுதான் பகிர்ந்த வீட்டின் உப வாடகை.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் நன்றாகத்தான் போகிறது. கெட்டுப்போகும்போது மட்டும் அது வெறும் காசுப் பிரச்சினையாக நிற்பதில்லை. வீட்டுக்குள்ளே பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், அலுமாரியில் நகை இருக்கிறது, வாசலில் பொலிஸ் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். மறுபக்கத்தில், அறைக்கு வருபவருக்கும் அதே அளவு பயம் உண்டு. கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமா, நாளைக்கு உரிமையாளர் வந்து வெளியேறு என்பாரா, தன் அறைக்குத் தன்னைக் கேட்காமல் யாரும் வருவார்களா என்பதெல்லாம் அவருடைய கவலை. இரண்டு பக்கத்துப் பயத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஏற்பாடு நிலைக்கும்.

முதலில் பெயர்: அவர் யார்?

வீட்டில் ஓர் அறைக்கு வருகிற எல்லோரும் சட்டத்தின் பார்வையில் உப வாடகையாளர் ஆகிவிடுவதில்லை. நமது நாட்டில் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. அதன் 10 ஆம் பிரிவின்படி, வீட்டின் ஒரு பகுதி உப வாடகைக்கு விடப்பட்டதாகக் கருத வேண்டுமானால் சில விடயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். அந்தப் பகுதி தனியாக, எல்லை தெரியக்கூடியதாக இருக்க வேண்டும். வந்தவர் வாடகை கொடுத்து அதைத் தனக்கு மட்டுமானதாக வைத்திருக்க வேண்டும். கொடுத்தவர் அந்தப் பகுதியின் மீதான தன் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஓர் அறையைப் பயன்படுத்த அனுமதித்தார் என்பதனால் மட்டும் ஒருவர் உப வாடகையாளர் ஆகமாட்டார் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இந்த வேறுபாடு பெரியது. நீங்கள் இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையில், உங்கள் குசினியையும் வாசலையும் பயன்படுத்திக்கொண்டு, உங்கள் ஒழுங்குக்கு உட்பட்டு ஒருவர் இருந்தால் அவர் நாம் 'போடிங்' என்று சொல்லும் வகையைச் சேர்ந்தவர். மாடியைப் பூட்டி, தனி வாசலும் தனித் திறப்பும் கொடுத்து, நீங்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்றால் அவர் உப வாடகையாளர் ஆவதற்கு வாய்ப்பு அதிகம். ஆகவே அறையைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எவ்வளவு வாடகை' என்பதற்கு முன்னரே, 'எதைக் கொடுக்கிறேன், எதை என் கையில் வைத்துக்கொள்கிறேன்' என்பதாக இருக்க வேண்டும்.

உரிமையாளரின் சம்மதம்

வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடாக இருந்தால், உரிமையாளரின் முன்கூட்டிய எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் உப வாடகைக்கு விட முடியாது. விட்டால், வாடகைக்காரரையும் உள்ளே வந்தவரையும் சேர்த்தே வெளியேற்றும் வழக்கைப் போட உரிமையாளருக்கு இடம் உண்டு. பிற்காலத் திருத்தங்களால் பல வீடுகள் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அவ்வாறான வீடுகளில் உரிமையாளருடன் நீங்கள் எழுதிய ஒப்பந்தமே முதற் சாட்சி. அதில் 'வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது' என்ற வரி இருக்கிறதா என்று எடுத்து வாசித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த வரி இருக்கும். கையெழுத்து வைத்த நாளுக்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"ஹாஜியார் ஒண்டும் சொல்ல மாட்டார், தெரிஞ்ச மனுசன்" என்று சிலர் சொல்வார்கள். ஹாஜியார் சொல்லமாட்டார்தான். ஹாஜியார் மௌத்தாகி, பிள்ளைகள் வீட்டை விற்க நினைக்கும் நாளில் யார் சொல்வார்? வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிக் கேட்டு, அவருடைய பதிலைப் பாதுகாத்து வைத்தால் அது ஒன்றுமில்லாததை விட நல்லது. ஒரு தாளில் எழுதி அவருடைய கையெழுத்தை வாங்கினால் அதைவிட நல்லது.

நமது ஃபிக்ஹ் நூல்களிலும் இஜாரா என்ற அத்தியாயத்தில் இந்தக் கேள்வி பழையது. வீட்டை வாடகைக்கு எடுத்தவர் வாங்குவது வசிக்கும் பயனை. அந்தப் பயனை இன்னொருவருக்குக் கைமாற்றலாம் என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வருபவர் முதலாமவரை விட வீட்டுக்கு அதிக சேதம் செய்பவராக இருக்கக் கூடாது. வசிப்பதற்கு எடுத்த வீட்டிலே கொல்லன் பட்டறை வைக்கிறவரைக் குடியமர்த்தக் கூடாது என்பது அவர்கள் காட்டும் உதாரணம். இன்றைக்கு அந்தப் பட்டறையின் இடத்தில் கேட்டரிங் சமையலையோ, மோட்டர்சைக்கிள் திருத்துவதையோ வைத்துப் பார்க்கலாம். உரிமையாளர் எதற்கு உடன்பட்டார் என்பதைத் தாண்டக் கூடாது என்பதே இதிலிருந்து நமக்கு வரும் பாடம்.

வருபவரை எப்படி அறிவது?

"எங்கட ஆள்" என்பது ஒரு உறவைச் சொல்கிறது. ஒருவருடைய நடத்தையைச் சொல்வதில்லை. ஒரே ஊர், ஒரே பள்ளிவாசல், மாமியின் மச்சினன் மகன் என்பதெல்லாம் விசாரிக்க வழி தருகின்றன. விசாரிப்புக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. உறவு இருந்தால் விசாரிப்பது இலகு என்பதுதான் அதன் உண்மையான பயன்.

தேசிய அடையாள அட்டையைப் பார்ப்பது முதற்படி. பார்ப்பது என்றால் போட்டோ கொப்பியை வாங்கி லாச்சியில் போடுவதல்ல. அசலைக் கையில் வாங்கி, ஆளையும் படத்தையும் ஒப்பிடுவது. இலக்கத்திலும் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கும் ஆண்டு, அடுத்த மூன்றும் நாள். பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. 1992 மார்ச் 1 இல் பிறந்த ஆணுக்கு இலக்கம் 1992061 என்று தொடங்கும், பெண்ணுக்கு 1992561 என்று தொடங்கும். அட்டையில் உள்ள பிறந்த திகதியும் இந்த இலக்கமும் ஒத்துவராவிட்டால் கேள்வி கேட்க வேண்டும்.

பெயரின் எழுத்துக்கூட்டல் வேறுபடுவதை மட்டும் பெரிய குற்றமாக எடுக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் 'முஹம்மத்' எழுதப்பட்டிருப்பது நமது சமூகத்தில் யாருக்குத்தான் இல்லை?

கொப்பி எடுத்தால் அதன் குறுக்கே 'வீட்டு வாடகைப் பதிவுக்கு மட்டும்' என்று எழுதி, திகதியும் போட்டு வைக்க வேண்டும். அறைக்கு வருபவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாத கொப்பி வேறு கைக்குப் போனால், அவருடைய பெயரில் சிம் அட்டையோ தவணைக் கடனோ எடுக்கப் பார்ப்பவர்களுக்கு வசதியாகிவிடும்.

இரண்டாவது, முன்பு இருந்த இடம். கடைசியாக எங்கே இருந்தார், ஏன் விட்டார் என்று கேட்டு, அங்கே ஒரு கோல் எடுத்துப் பேச வேண்டும். "வாடகை ஒழுங்காத் தந்தாரா? போகக்குள்ள சண்டை ஏதும் ஈந்ததா?" என்ற இரண்டு கேள்வி போதும். மூன்றாவது, வேலை அல்லது படிப்பு. பல்கலைக்கழக அட்டை, வேலை செய்யும் இடத்தின் கடிதம், ஊர்க் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. ஊர்ப் பள்ளி நிருவாகத்தின் கடிதமும் பயன்படும், ஆனால் அது எழுதியவர் அவரை நேரில் அறிந்திருந்தால்தான். கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கப்படும் கடிதத்துக்குப் பெறுமதி குறைவு. நான்காவது, அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் இலக்கம். காய்ச்சலில் ஒருவர் மயங்கி விழும் இரவில், அவருடைய உம்மாவின் இலக்கம் தெரியாமல் நிற்பது பயங்கரமான நிலை.

கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்கும் முறைதான் முக்கியம். எல்லோரிடமும் அதே கேள்விகளை, அதே ஒழுங்கில் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது. ஒருவரிடம் மட்டும், அவருடைய தாடியைப் பார்த்தோ ஊரைப் பார்த்தோ பேச்சுவழக்கைப் பார்த்தோ கேட்டால் அது விசாரிப்பாக இராது, அவமதிப்பாகிவிடும்.

சந்தேகத்தின் விலை

இதை நாம் வெளியிலிருந்து படித்தவர்கள் இல்லை. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை ஒன்றின் மூலம் அதை நிறுத்தியது. அறைக்கு வாடகை கொடுத்திருந்தும், அடையாள அட்டை வைத்திருந்தும், 'இங்கே ஏன் இருக்கிறாய்' என்ற கேள்விக்கு அவர்களுடைய பதில் போதாமல் போயிற்று.

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு அந்தக் கேள்வி நமது வாசலுக்கு வந்தது. அந்த மாதம் 26 ஆம் திகதி சாய்ந்தமருதுவில் நடந்தது ஒரு வாடகை வீட்டில். அங்கே புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் மக்கள்தான். அதன் பின்னர் வந்த மாதங்களில், முஸ்லிம் பெயரைக் கேட்டவுடன் "அறை முடிஞ்சி போச்சு" என்ற பதில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை வாசகர்கள் தத்தம் குடும்பத்திலேயே விசாரிக்கலாம்.

இந்த இரண்டு நினைவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். யாரென்று தெரியாமல் வீட்டைக் கொடுப்பது ஆபத்து என்பதைச் சாய்ந்தமருது காட்டியது. யாரென்று பார்க்காமலே ஒரு கூட்டத்தை முழுவதும் ஒதுக்குவது அநீதி என்பதை மற்றவை காட்டின. ஆளைப் பார்த்து, பத்திரத்தைப் பார்த்து, முன்னைய இடத்தில் விசாரித்து எடுக்கும் முடிவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நம்மிடம் அறை கேட்டு வரும் சிங்களப் பிள்ளையிடமும் தமிழ்ப் பிள்ளையிடமும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

பொலிஸ் படிவம்

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வீட்டுக்காரரிடமிருந்து கோருவதற்குப் பொலிஸார் 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவைக் காட்டுவது வழக்கம். கொழும்பில் இவ்வாறான படிவங்கள் வீடு வீடாக வந்த காலங்களும் அவை பற்றி விமர்சனம் எழுந்த காலங்களும் உண்டு. படிவம் வந்தால் உள்ளே இருப்பவர்களின் விபரத்தை உண்மையாகக் கொடுப்பதே பாதுகாப்பு. அறையில் இருப்பவரை மறைத்து, 'குடும்பம் மட்டும்தான்' என்று எழுதிவிட்டு, பிறகு ஒரு சோதனையில் அவர் வெளிப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்து வைத்தவர். அறைக்கு வருபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு உடன்படாதவருக்கு அறை கொடுக்காமல் விடலாம். கொடுத்த படிவத்தின் படமொன்றைக் கைத்தொலைபேசியில் எடுத்து வைப்பதும் நல்லது.

வாக்காளர் இடாப்பைப் பற்றியும் ஒரு பயம் உலவுகிறது. இன்னொருவருடைய பெயர் நம் முகவரியில் பதிந்தால் வீடு அவருக்குப் போய்விடும் என்பார்கள். இடாப்பில் பெயர் வருவதால் வீட்டின் உரிமை யாருக்கும் மாறாது. அவர் அங்கே வசித்தார் என்பதற்கு ஒரு சான்றாக மட்டும் அது இருக்கலாம். தன் வாக்கைப் பதிய ஒருவருக்கு உள்ள தேவையை இந்தப் பயத்தால் மறுத்துவிடக் கூடாது.

வருபவர் பார்க்க வேண்டியவை

ஏமாறுவது வீட்டுக்காரர் மட்டுமல்ல. அறையைக் காட்டி, மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமற் போகிறவர்கள் இருக்கிறார்கள். அறைக்கு வருபவர் தயங்காமல் கேட்க வேண்டியவை: இந்த வீட்டுக்கு உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் எப்போது முடிகிறது? என்னை வைத்திருக்க அவர் சம்மதித்தாரா? கரண்ட் பில் யாருடைய பெயரில் வருகிறது, நிலுவை இருக்கிறதா? பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தால் அந்த முகவரிக்கும் பேசுகிற ஆளுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பது ஓரளவுக்குத் தெரிந்துவிடும். அறையைப் பார்க்காமல், 'இன்னொருத்தர் கேக்கிறார், இப்பவே காசு போடுங்க' என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வாடகைக்கு விட்டவரின் சொந்த ஒப்பந்தம் ஆறு மாதத்தில் முடியுமானால் அவர் உங்களுக்கு ஒரு வருடம் தர முடியாது. தன் கையில் இல்லாத காலத்தை ஒருவர் எப்படிக் கொடுப்பார்?

எழுத்து

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஆனால் வீட்டு விடயத்தில் எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமெடுக்கிறோம். எழுத்து, இருவருடைய ஞாபகமும் வேறுபடும் நாளுக்காக வைக்கப்படுவது.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசின் முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். மாதத்துக்கு மாதம் போகும் வாடகைக்கு அது தேவையில்லை. ஆகவே வீட்டில் நாமே எழுதும் ஒரு தாள் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. ஆனாலும் என்ன பேசப்பட்டது, எவ்வளவு காசு கைமாறியது என்பதற்கு அது சான்றாகும். பெரிய தொகையோ நீண்ட காலமோ என்றால் நொத்தாரிசிடம் போவதே சரி.

அந்த ஒரு தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. இருவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த அறை, எவற்றைப் பொதுவாகப் பயன்படுத்தலாம், மாத வாடகையும் கொடுக்கும் திகதியும், அட்வான்ஸ் தொகையும் அதை எப்போது எந்தக் கழிவுடன் திருப்பிக் கொடுப்பது என்பதும், விலக எத்தனை நாள் முன்னறிவித்தல், விருந்தாளிகள் பற்றிய ஒழுங்கு. அறையில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களையும், சுவரில் இருக்கும் வெடிப்பையும் முதல் நாளே படம் எடுத்து இருவருடைய கைத்தொலைபேசியிலும் வைக்க வேண்டும். அட்வான்ஸ் அமானிதம். அதை எடுத்துச் சொந்த வாடகைப் பாக்கியைக் கட்டிவிட்டு, போகும் நாளில் 'அடுத்த மாசம் தாறன்' என்பது இந்த ஏற்பாடுகளில் மிக அதிகமாக மனக்கசப்பை உண்டாக்கும் விடயம்.

திறப்பும் கதவும்

பாதுகாப்பு என்றவுடன் கமெராவை நினைக்கிறோம். அதற்கு முன் திறப்புகளை எண்ண வேண்டும். இதற்கு முன் அந்த அறையில் இருந்தவர் திறப்பைத் திருப்பிக் கொடுத்தாரா, அதற்கு இன்னொரு திறப்பு வெட்டினாரா என்பது தெரியாவிட்டால் பூட்டை மாற்றுவதே வழி. வாசல் பூட்டின் விலை, ஒரு களவின் நட்டத்தோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. யாரிடம் எத்தனை திறப்பு என்பதை எழுதி வைக்க வேண்டும்.

அறைக்கு உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாளும் வெளியேயிருந்து போடும் பூட்டும் இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒரு மாற்றுத் திறப்பு இருந்தால், அதை நெருப்பு, தண்ணீர்க் கசிவு போன்ற அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துவதாகச் சொல்லி, பயன்படுத்தினால் உடனே அறிவிக்க வேண்டும். இன்னொருவருடைய இடத்துக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்ற ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. வாடகை கொடுக்கும் அறைக்கும் அது பொருந்தும். "எங்கட வீடுதானே" என்று கூட்டுமாறைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது அன்பினால் என்றாலும் அது அத்துமீறல்தான்.

குடும்பம் இருக்கும் வீட்டில் அறை கொடுக்கும்போது பெண்களின் வசதியை முதலில் பார்க்க வேண்டும். குசினிக்கும் பாத்ரூமுக்கும் போகும் வழி வருபவரின் அறை வாசலைத் தாண்டிப் போகுமானால், அந்த வீட்டில் ஒரு ஆணுக்கு அறை கொடுப்பது நாளாந்தச் சிரமம். முடிவெடுக்குமுன் வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். பல வீடுகளில் அவர்களுக்கு அறை கொடுத்த பிறகே தெரியவருகிறது. அறைக்கு வருபவர் பெண்ணாக இருந்தால், வீட்டில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள், யார் எப்போது வந்துபோவார்கள் என்பதை அவருக்கும் அவருடைய பெற்றாருக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கமெரா வைப்பதானால் வெளி வாசலில் மட்டும், அதுவும் சொல்லிவிட்டு. நடைபாதையிலோ குசினியிலோ வைப்பது பாதுகாப்பின் பெயரில் இன்னொருவரைக் காவல் காப்பது.

இணையத்தையும் மறக்கக் கூடாது. ரவுட்டர் உங்கள் பெயரில் இருந்தால் அதன் வழியாகப் போகும் எல்லாவற்றையும் பற்றி முதலில் கேட்கப்படுவது உங்களிடம்தான். விருந்தாளிகளுக்கான தனி இணைப்பை அதில் திறந்து கொடுக்கலாம். ஒருவர் விலகும் நாளில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், திறப்பை வாங்குவது போல. அதேபோல, வீட்டு முகவரிக்கு வரும் பார்சலை யாருடையது என்று தெரியாமல் கையெழுத்து வைத்து எடுக்க வேண்டாம்.

கரண்ட் பில்லின் கணக்கு

பகிர்ந்த வீடுகளில் பெரிய சண்டைகளுக்குச் சின்னக் காரணம் மின்சாரப் பட்டியல். நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குப் படிப்படியாக ஏறும் கட்டணம். மாதத்துக்கு 60, 90, 120, 180 அலகுகள் என்ற எல்லைகளைத் தாண்டும்போது அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். ஒரு குடும்பம் மாதம் 85 அலகு பாவித்தது என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு வந்தவர் மின்விசிறி, ரைஸ் குக்கர், இஸ்திரி என்று 40 அலகு சேர்த்தால் மொத்தம் 125. அந்த 40 அலகும் மேல்படிகளில் விழும். ஆளுக்கு ஆள் பிரித்தால் குடும்பத்துக்கு நட்டம் போலத் தெரியும். மேலதிகம் முழுவதையும் வந்தவர் தலையில் போட்டால், மலிவான முதற் படிகளின் நன்மை எதுவும் அவருக்கு இல்லை.

இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் முதல் நாளே பேச வேண்டும். அறைக்கு ஒரு சிறிய உப மீற்றர் பூட்டி, பாவித்த அலகின் விகிதப்படி மொத்தப் பில்லைப் பிரிப்பது பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்ளும் முறை. பில்லின் படத்தை மாதாமாதம் இருவரும் பார்க்க வேண்டும். வாடகை, பில், கேஸ் சிலிண்டர் என எந்தக் காசு கைமாறினாலும் பற்றுச்சீட்டு, அல்லது வங்கி மூலம் அனுப்பிய சான்று. கையில் காசு கொடுத்தால், 'மார்ச் வாடகை கிடைத்தது' என்று ஒரு வரிச் செய்தி போதும்.

பிணக்கு வந்தால்

வாடகை தராமல் இழுத்தடிப்பவரைப் பார்த்தவுடன் பலருக்கு வரும் யோசனை, கரண்டைக் கட் பண்ணுவது, சாமானை வெளியே போட்டுப் பூட்டை மாற்றுவது. இது சட்டத்திலும் ஆபத்து. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, சமாதானம் குலையக்கூடிய காணி, வீட்டுப் பிணக்குகள் நீதிமன்றத்துக்கு வரும்போது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விடும்படி கட்டளையிட முடியும். அதாவது, காசு தராதவர் நீதிமன்றக் கட்டளையோடு திரும்பி வந்து அதே அறையில் உட்காரலாம். குத்தகைக் காலம் முடிந்த வளவுகளின் உடைமையை விரைவாக மீளப் பெறுவதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதுவும் நீதிமன்றத்தின் ஊடாகத்தான்.

அதற்கு முன் ஏறக்கூடிய படிகள் இருக்கின்றன. எழுத்தில் அறிவித்தல், திகதி குறித்து ஒரு தவணை, இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவர் அல்லது பள்ளி நிருவாகம். அதுவும் சரிவராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி வைத்து வாதாட வேண்டியதில்லை. இருவரும் பேசி ஒரு இணக்கத்துக்கு வந்தால் சபை அதை எழுதிக் கொடுக்கும். மிரட்டல், களவு, பெண்களுக்குத் தொந்தரவு ஆகியவை இந்தப் படிகளில் சேராது. அவற்றுக்கு உடனடியாகப் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். 'எங்கட ஆளின் பெயர் கெட்டுப்போகும்' என்று மூடி வைத்தால், அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே ஆள்தான் போவார்.

போகும் நாள்

வருகிற நாளை விடப் போகிற நாளில்தான் ஏற்பாட்டின் தரம் தெரியும். முதல் நாள் எடுத்த படங்களை எடுத்து அறையை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். திறப்புகளை எண்ணி வாங்கி, கடைசி மாத மீற்றரைக் குறித்து, கழிக்க வேண்டியதைக் கணக்கோடு காட்டி, மீதி அட்வான்ஸை அன்றைக்கே கொடுத்து, 'இருவருக்கும் இடையில் பாக்கி இல்லை' என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்க வேண்டும். பொலிஸுக்கு விபரம் கொடுத்திருந்தால் அவர் விலகிய திகதியையும் அறிவித்து வைக்கலாம். அடுத்த மாதம் அவரைப் பற்றி விசாரித்து இன்னொரு வீட்டுக்காரர் உங்களுக்குக் கோல் எடுப்பார். நீங்கள் கேட்ட அதே இரண்டு கேள்விகளை அவர் கேட்பார். அப்போது உள்ளதை உள்ளபடி, நல்லதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.